கணினியில் இமோஜிக்குப் பதில் கட்டம் தெரிகிறது, சில இடங்களில் தமிழும் உடைகிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஒன்று: ஃபாண்ட் எதையும் இப்போதே இறக்காதீர்கள். கோளாறு எந்த வடிவில் தெரிகிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. காலிக் கட்டம் தெரிந்தால், எழுத்து உங்கள் கணினிக்குச் சரியாக வந்துவிட்டது, அதை வரைய ஃபாண்ட் இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், வந்த பைட்டுகளை யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் பொதுவான குறியேற்ற முறை) ஆகப் படிக்க முடியவில்லை. வெறும் கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் எழுத்தே அழிந்துவிட்டது. அதற்கு எந்த ஃபாண்டும் மருந்தாகாது.

உங்களுக்கு வருவது கட்டம். அதே பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். விண்டோஸில் அது தன்னுடனேயே ஒரு இமோஜி ஃபாண்டைக் கொண்டுவருகிறது. ஆகவே குரோமில் கட்டம், ஃபயர்ஃபாக்ஸில் ஒழுங்கு என்றால் சந்தேகம் விண்டோஸின் இமோஜி ஃபாண்டான செகோ யுஐ இமோஜி மீதுதான். ஃபயர்ஃபாக்ஸிலும் கட்டம்தான் என்றால் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அழுத்திப் பக்கத்தைப் பெரிதாக்குங்கள். கட்டத்துக்குள் பொடிப்பொடியாக அந்த எழுத்தின் யூனிகோட் எண் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கும் எண்) தெரியும். 01எஃப் என்று தொடங்கும் ஆறு இலக்கம் என்றால் பெரும்பாலும் இமோஜி. 0பி-யும் அடுத்து 8 அல்லது அதற்கு மேலும் இருந்தால் தமிழ். இ அல்லது எஃப்0 என்று தொடங்கும் நான்கு இலக்கம் என்றால் அது இமோஜியே அல்ல, தளம் பட்டன்களுக்கு வைத்திருக்கும் ஐகான் ஃபாண்ட். விளம்பரத் தடுப்பானில் வெளி ஃபாண்டுகளைத் தடுக்கும் அமைப்பு இருந்தாலோ, பக்கங்கள் தம் ஃபாண்டைப் பயன்படுத்தும் அனுமதியை பிரவுசரில் எடுத்துவிட்டிருந்தாலோ இப்படி ஆகும். அதை மாற்றினால் போதும்.

செகோ யுஐ இமோஜியை செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஃபாண்ட்ஸ் என்று போய்த் தேடுங்கள். காணவில்லையா? விண்டோஸின் பொது ஃபாண்டை மாற்ற ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஃபைல் ஏதாவது ஓட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஃபைல்கள் செகோ பெயர்களுக்கு நேரே உள்ள மதிப்பைக் காலியாக்கும். சிலவற்றில் இமோஜியும் சேர்ந்தே போய்விடும். ரெஜிஸ்ட்ரியின் ஃபாண்ட்ஸ் பகுதியில் செகோ யுஐ இமோஜி என்ற வரிக்கு எதிரே எஸ்-இ-ஜி-யு-ஐ-இ-எம்-ஜே என்ற எட்டு எழுத்தும், புள்ளியும், டிடிஎஃப் என்பதும் இருக்க வேண்டும். கை வைக்குமுன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலே போயிருந்தால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ஒட்டினாற்போல் ஸ்கேன்நவ் என்று கொடுங்கள்.

ஃபாண்ட் இருந்தும் கட்டம் வந்தால் கேஷ், அதாவது ஃபாண்ட் விவரங்களின் தற்காலிகச் சேமிப்பு, கெட்டிருக்கலாம். சர்வீசஸில் விண்டோஸ் ஃபாண்ட் கேஷ் சர்வீஸை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சர்வீஸ்புரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல், ஃபாண்ட்கேஷ் என்று இறங்கி உள்ளே இருப்பதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதல் தடவை கணினி சற்று மெதுவாக எழும், பயப்பட வேண்டாம்.

புதிய இமோஜிகள் மட்டும் வரவில்லையென்றால் ஃபாண்ட் பழையது. உருகும் முகம் 2021-இல் யூனிகோட் 14-இலும், நடுங்கும் முகம் 2022-இல் யூனிகோட் 15-இலும் சேர்ந்தவை. விண்டோஸ் அப்டேட்டோடுதான் செகோ இமோஜியும் புதுப்பிக்கப்படும். குடும்பப் படம் தனித்தனி ஆட்களாகப் பிரிந்து தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அது ஒரே எழுத்தல்ல, பல இமோஜிகளைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி கட்டி வைத்திருக்கிறது. இந்தியக் கொடிக்குப் பதில் ஐ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்து தெரிவது மட்டும் கோளாறே அல்ல. விண்டோஸ் ஃபாண்டில் நாட்டுக்கொடிகள் வரையப்படவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் கொடி தெரியும்.

தளம் நடத்துபவர்களுக்கு: தமிழ் சரியாகச் சேமிக்கப்பட்டு ஸ்மைலி மட்டும் கேள்விக்குறியானால் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தைப் பாருங்கள். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட், பெரும்பாலான இமோஜிக்கு 4 பைட். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது 3 பைட்டோடு நின்றுவிடும். டேபிள், நெடுவரிசை (column), கனெக்ஷன் மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். கனெக்ஷனை விட்டுவிட்டால் உழைப்பெல்லாம் வீண். ஏற்கெனவே கேள்விக்குறியானவை மீளாது.

இனி தமிழ். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறிமாறி வந்தால் அது யூடிஎஃப்-8 தமிழை மேற்கத்திய குறியேற்றத்தில் படித்ததன் விளைவு. சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்கும்போது அடிக்கடி நேர்வது. டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி இறக்குமதி வழியாகப் போய் 65001 (யூடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஃபைலை அப்படியே சேவ் செய்துவிடாதீர்கள், தமிழ் நிரந்தரமாகக் கெடும்.

பழைய வேர்ட் ஃபைலில் லதா ஃபாண்ட் காணாமல் வரி, பக்கம் எல்லாம் தள்ளிப்போயிருந்தால், செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் தேடி தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸைச் சேருங்கள். லதாவும் விஜயாவும் அதில் இருக்கின்றன. ஃபைல் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தால் அது பாமினி போன்ற பழைய குறியேற்றமாக இருக்கும். பாமினி ஃபாண்டைப் போட்டால் உங்கள் கணினியில் படிக்கலாம், ஆனால் தேட முடியாது, அடுத்தவருக்கு அனுப்பினால் மீண்டும் குவியல்தான். தயவுசெய்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

புள்ளிகளால் ஆன வட்டத்தின் பக்கத்தில் கொம்போ காலோ தனியாக நின்றால், அங்கே எழுத்து வரிசை தவறு. ‘கொ’வுக்கு முதலில் க, பிறகு கொம்பும் காலும் வர வேண்டும். கண்ணால் பார்க்கும் வரிசையில் கொம்பை முன்னால் தட்டினால் வட்டம் வரும். அந்தச் சொல்லை அழித்து மறுபடி தட்டுங்கள்.