போன் கம்பெனியின் கார்: கையெழுத்துப் போடும் முன்

மின்சாரக் கார் பற்றி வந்த கேள்விகளில் இந்த முறை ஆறு. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: நேற்று வரை போனும் சாஃப்ட்வேரும் விற்றவர்களின் காரை நம்பி லட்சக்கணக்கில் போடலாமா?

கேள்வி: ஆப்பிளே பத்து வருடம் முயன்று கைவிட்ட வேலை இது. மற்ற டெக் கம்பெனிகளை எப்படி நம்புவது?

பதில்: ஆப்பிள் 2014-இல் தொடங்கி 2024 பிப்ரவரியில் திட்டத்தை மூடியது. வேக்வம் கிளீனர் விற்கும் டைசன் 2017-இல் கார் அறிவித்து 2019 அக்டோபரில் விலகியது. நம் ஊர் ஓலா 2022 சுதந்திர தினத்தன்று, "2024-இல் வரும், 500 கி.மீ. ஓடும்" என்று ஒரு காரை அறிவித்தது. 2024 போனது, 2025-உம் போனது, கார் வரவில்லை. இந்த மூன்றிலும் வாடிக்கையாளருக்குப் பண நஷ்டம் இல்லை. கார் விற்பனைக்கே வரவில்லையே!

எதிர்ப்பக்கமும் பாருங்கள். சீனாவின் பிஒய்டி 1995-இல் ஷென்சென் நகரில் பேட்டரிக் கம்பெனியாகத் தொடங்கி, செல்போன் பேட்டரியில் வளர்ந்தது. 2003-இல் ஒரு கார் கம்பெனியை வாங்கித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தது. ரெட்மி போன் விற்கும் ஷாவ்மி 2021 மார்ச்சில் அறிவித்து, 2024 மார்ச்சில் எஸ்யு7 காரை 2,15,900 யுவானுக்கு விற்கத் தொடங்கி, அந்த ஆண்டிலேயே 1,35,000-க்கும் மேல் டெலிவரி கொடுத்தது.

ஆகவே "டெக் கம்பெனி" என்ற பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கேட்க வேண்டியது மூன்று: கார் யாருடைய ஆலையில் தயாராகிறது? பேட்டரி யாருடையது? வாரண்டி புத்தகத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது? ஷாவ்மிக்கு பெய்ஜிங்கில் சொந்த ஆலை உண்டு. ஹுவாவே சொந்தமாகக் கார் தயாரிப்பதில்லை. செரஸ் போன்ற கார் கம்பெனிகளுக்கு மூளையும் திரையும் கொடுத்து, தன் கடைகளில் விற்கிறது. இணையத் தேடல் நடத்தும் பைடுவும் கார் செய்யும் ஜீலியும் சேர்ந்து தனியாக ஒரு கம்பெனியே ஆரம்பித்தன. மூன்றிலும் பழுது வந்தால் நீங்கள் போய் நிற்கும் வாசல் வேறு வேறு.

கேள்வி: சீனாவிலிருந்து ஷாவ்மி எஸ்யு7-ஐ சென்னைக்கு இறக்குமதி செய்ய முடியுமா? 2024-இல் பெங்களூரில் காட்டினார்களே?

பதில்: காட்டினார்கள், விற்கவில்லை. அது இடதுபக்க ஸ்டீயரிங் கார். புதிய வாகன இறக்குமதிக்கு வலதுபக்க ஸ்டீயரிங் கட்டாயம். சுங்க வரியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வராது. அதையும் தாண்டினாலும் சீனக் கார்களின் சார்ஜிங் துளை ஜிபி/டி வகை, நம் ஊர் வேகச் சார்ஜர்களில் இருப்பது சிசிஎஸ்2 என்ற வேறு வகைச் செருகி. செருகவே முடியாது. இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கம்பெனி மூடிவிட்டால் கார் நின்றுபோகுமா?

பதில்: ஓட்டம் நிற்காது. மோட்டார், இன்வர்ட்டர், பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் எல்லாம் காருக்குள்ளேயே இருக்கின்றன, சர்வரைக் கேட்டு ஓடுவதில்லை. நின்றுபோவது மற்றவை: ஆப்பில் பூட்டுத் திறப்பது, ஏறும் முன்பே ஏசி போடுவது, நேரடி வரைபடம், அப்டேட்.

இவற்றை விடப் பெரிய தலைவலி உதிரிபாகம். இன்றைய கார்களில் ஹெட்லைட்டோ கேமராவோ மாற்றினால், கம்பெனியின் கருவியை இணைத்து அதைக் காரோடு பதிவு செய்ய வேண்டியிருக்கும். சர்வர் இல்லையென்றால் பாகம் கையில் இருந்தும் வேலைக்கு ஆகாது.

பைடு, ஜீலி கூட்டில் 2021-இல் பிறந்த ஜியுவே 2024 டிசம்பரில் பணமில்லாமல் தடுமாறியபோது, கார் வாங்கியவர்களுக்கு முதலில் எழுந்த பயம் இதுதான். தாய் நிறுவனங்கள் இரண்டும் வலுவானவை என்பதால், சர்வீஸ் தொடர வழி செய்வதாகச் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். அமெரிக்காவின் மின்சாரக் கார் கம்பெனி ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலானபோது அப்படிக் கைகொடுக்க யாருமில்லை. உரிமையாளர்களே சங்கம் அமைத்து, பாகங்களும் சாஃப்ட்வேரும் தேடி அலைய வேண்டியதாயிற்று.

டெஸ்ட் டிரைவின்போது இதைச் செய்து பாருங்கள். காரை சிக்னல் இல்லாத பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கார்டு சாவியால் கதவு திறக்கிறதா? கார் கிளம்புகிறதா? ஏசி, வைப்பர், சார்ஜிங் மூடி மூன்றும் இயங்குகின்றனவா? ஏதாவது ஒன்று "இணைப்பு இல்லை" என்று சொன்னால், அந்த வசதி கம்பெனியின் தயவில் இருக்கிறது என்று பொருள்.

அப்படியே 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். பெரிய பேட்டரி 90 சதவீதம் நிறைந்திருந்தாலும் இந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், பெரியதை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் இணையாது. கார் விழிக்காது, சார்ஜும் ஏறாது, மின்சாரக் கைப்பிடி உள்ள கதவும் திறக்காது. வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கும் முனை எங்கே, அதை எட்டத் தனிச் சாவி வேண்டுமா என்பதை விற்பனையாளர் திறந்து காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது. உள்ளிருந்து கதவு திறக்கும் இயந்திரப் பிடியையும் நான்கு கதவிலும் நீங்களே இழுத்துப் பாருங்கள். சில மாடல்களில் அது கதவுப் பையின் அடியில் ஒளிந்திருக்கும். பின் சீட்டில் உட்காரும் பாட்டிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சீனாவில் 2027 ஜனவரி முதல் புதிய மாடல்களின் கதவுகளுக்கு உள்ளும் புறமும் இயந்திரப் பிடி கட்டாயம் என்று விதி வந்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

கேள்வி: அப்டேட் வந்தால் கார் மேம்படும் என்கிறார்கள். குறையவும் வாய்ப்புண்டா?

பதில்: உண்டு, நடந்திருக்கிறது. ஷாவ்மியின் எஸ்யு7 அல்ட்ரா 1,548 குதிரைத்திறன் என்று 5,29,900 யுவானுக்கு விற்கப்பட்டது. 2025 மே மாதம் வந்த அப்டேட் அதை ஏறக்குறைய 900-க்குக் கட்டிப்போட்டது. முழுத் திறன் வேண்டுமென்றால் பந்தயத் தளத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டுமாம். வாங்கியவர்கள் கொதித்தார்கள், கம்பெனி பின்வாங்கியது. பாதுகாப்புக்காக என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் விற்ற பிறகு, கேட்காமல் எடுப்பது நியாயமில்லை.

அதே காரில் 42,000 யுவான் கூடுதலாகக் கட்டி வாங்கிய கார்பன் ஃபைபர் பானெட் இன்னொரு சண்டை. விளம்பரத்தில் சொன்ன அளவுக்குக் காற்று அதன் துளைகள் வழியே போகவில்லை என்று வாடிக்கையாளர்களே சோதித்துக் காட்ட, கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

அப்டேட் திரையில் "பிறகு" என்ற பொத்தான் இருக்கிறதா, என்ன மாறுகிறது என்ற குறிப்பு முன்கூட்டியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் சார்ஜ் சதவீதம், காட்டும் தூரம், வேகச் சார்ஜரில் ஏறும் அதிகபட்ச கிலோவாட் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு குறைந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம்.

கேள்வி: தானே ஓட்டும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: கடைகளில் தனிநபர்க் கார்களில் "தானே ஓட்டும்" என்று விற்கப்படுவது பெரும்பாலும் லெவல் 2, அதாவது உதவி. பொறுப்பு உங்களுடையதே. 2025 மார்ச் 29 இரவு, சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஒரு நெடுஞ்சாலையில் எஸ்யு7 ஒன்று உதவி ஓட்டத்தில் மணிக்கு 116 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வேலை நடக்கும் இடத்தின் தடுப்பைப் பற்றி எச்சரிக்கை வந்ததற்கும் மோதலுக்கும் இடையே இருந்தது இரண்டு முதல் நான்கு விநாடி. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 32 மீட்டர் ஓடும். மூவர் உயிரிழந்தனர். செப்டம்பரில் 1,16,887 எஸ்யு7 கார்கள் இந்த உதவி ஓட்டத்தின் குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டன, அதாவது அப்டேட் கொடுக்கப்பட்டது. சீன அரசும் விளம்பரங்களில் பெரிய வார்த்தைகளுக்குத் தடை போட்டது.

நம் சாலையில் எதிர்த்திசையில் வரும் டிராக்டரையும், விளக்கில்லாமல் நிற்கும் லாரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி அவசர பிரேக், கண்மறைவு (பிளைண்ட் ஸ்பாட்) எச்சரிக்கை இரண்டுக்கும் பணம் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு வேண்டாம்.

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கிறோம். தூத்துக்குடியிலேயே செய்யும் வின்ஃபாஸ்ட் விஎஃப்6 பார்த்தோம். சென்னைக்கு அடிக்கடி போவோம். என்ன பார்த்து வாங்க வேண்டும்? முன்பணம் போனால் கிடைக்குமா?

பதில்: வின்ஃபாஸ்டின் தாய் நிறுவனம் வின்குரூப் வியட்நாமில் போனும் செய்தது. 2021-இல் போனை நிறுத்திவிட்டுக் காரில் கவனம் வைத்தது. தூத்துக்குடி ஆலை 2025 ஆகஸ்ட் 4-இல் திறந்தது, விஎஃப்6 16.49 லட்சத்தில் அறிமுகமானது. ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் சர்வீஸ் பக்கத்தில் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். உயர் மின்னழுத்த வேலை தெரிந்த ஆள் உங்கள் ஊர்ப் பட்டறையில் இருக்கிறாரா? முன் கண்ணாடி, கேமராவோடு, என்ன விலை, எத்தனை நாளில் வரும்? முன் பம்பர், ஹெட்லைட், ஏசி கம்ப்ரஸர், சார்ஜிங் துளை ஆகியவற்றுக்கும் எழுத்தில் விலை கேளுங்கள். தர மறுக்கும் டீலரிடம் வாங்க வேண்டாம்.

தூரக் கணக்கு: பேட்டரி 59.6 யூனிட். ஏசியோடு நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வையுங்கள். முழுதாக 372 கி.மீ. வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக் கிளம்பி 10 சதவீதத்தில் நிறுத்தினால் 335 கி.மீ. திருச்சி வரை ஏறக்குறைய 300 கி.மீ., போய்விடலாம். அங்கே 80 வரை ஏற்றினால் அடுத்த 260 கி.மீ. மட்டும்தான் கிடைக்கும், சென்னைக்குப் போதாது. விழுப்புரத்தில் இன்னொரு சிறு நிறுத்தம் வேண்டும். திருச்சியிலேயே 100 வரை ஏற்றலாமே என்றால், 80-க்கு மேல் வேகச் சார்ஜர் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். இரண்டு நிறுத்தம்தான் நேரம் மிச்சம்.

முன்பணத்துக்கு முதலில் விதியைப் படியுங்கள். ஷாவ்மி சீனாவில் எஸ்யு7-க்கு 5,000 யுவான் வாங்கியது. ஏழு நாள் வரை திரும்பக் கிடைக்கும், பிறகு ஆர்டர் பூட்டப்படும். இப்படி ஒரு பூட்டு நாள் உங்கள் படிவத்திலும் இருக்கிறதா என்று தேடுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், டெலிவரி தள்ளினால் யார் விலை உயர்வைச் சுமப்பது, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். மீதிப் பணத்தை சாஸி எண்ணும் தயாரிப்பு மாதமும் பார்த்த பிறகே கட்டுங்கள்.

தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீரவில்லையென்றால், கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. 10 முதல் 20 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் 400 ரூபாய், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதான பொருளால் தீங்கு நேர்ந்து, தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சேர்க்கவே முடியாவிட்டால், விற்றவரைப் பொறுப்பாக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே டீலரின் பெயரில் உள்ள ரசீது முக்கியம். புக்கிங் அன்றே கம்பெனி வலைப்பக்கத்தில் அந்த மாடலின் தூரம், திறன், வசதிப் பட்டியல் மூன்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். டெலிவரிக்குள் அந்தப் பக்கம் மாறியிருக்கும்.