மூடியும் புட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,
காலிச் சங்குக்குள் குடியிருந்து அதைச் சுமந்து திரியும் துறவி நண்டு ஒன்று, கடற்கரையில் சங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மூடியைச் சுமந்து சென்றதைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். இயற்கை எப்படியும் தனக்கொரு வழியைக் கண்டுகொள்கிறது என்று தோன்றியது. கடையில் சங்குகள் வாங்கிக் கரையில் போட்டால் அவற்றுக்கு உதவுமா?
ம.

அன்புள்ள ம.,

படம் நன்றாக வந்திருக்கிறது; உங்கள் பரிவும் புரிகிறது. ஆனால் “வழியைக் கண்டுகொள்கிறது” என்ற வரி எனக்குக் கோபமூட்டியது. குப்பை போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு உதவும் வாக்கியம் அது.

துறவி நண்டின் வயிறு ஓடில்லாதது, சங்கின் சுருளுக்கேற்ப வளைந்தது. சங்குக்குள் சிறிது நீரையும் சுமந்து திரிவதால்தான் அதன் செவுள்கள் உலராமல் இருக்கின்றன. அகலத் திறந்த மூடியில் அந்த நீர் எவ்வளவு நேரம் நிற்கும்? வார்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இணையப் படங்களிலிருந்து இப்படிப்பட்ட 386 நண்டுகளைத் திரட்டியிருந்தார்கள். பெரும்பாலானவற்றின் முதுகில் இருந்தவை பிளாஸ்டிக் மூடிகள். மூடியை அவை ஏன் விரும்புகின்றன என்ற ஊகங்களுக்குள் நான் போகவில்லை.

என்னை விடாமல் துரத்துவது மூடியல்ல, புட்டி. பல ஆண்டுகளுக்கு முன், மணலில் வாய் மேல்நோக்கிப் பாதி புதைந்திருந்த ஓர் அகன்ற வாய்ப் புட்டியைத் தூக்கினேன். உள்ளே காய்ந்துபோன நண்டுகள் குவிந்திருந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஏறியது, வழுக்கியது, செத்தவற்றின் மேலேயே விழுந்தது. ஒரே புட்டிக்குள் இத்தனை ஏன் இறங்கின என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. துறவி நண்டு சாகும்போது எழும் வாடை, ஒரு சங்கு காலியாகிவிட்டது என்று மற்றவற்றுக்குத் தெரிவிக்கிறது. சங்கு தேடி அவை விரைகின்றன. கரையில் அது நல்ல ஏற்பாடு; புட்டிக்குள்ளோ, ஒன்றின் சாவு அடுத்ததை அழைக்கிறது, அதன் சாவு அதற்கடுத்ததை. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹென்டர்சன் தீவிலும் குப்பைக்குள் சிக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 5,70,000 நண்டுகள் மடிவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரே கலனுக்குள் 526 நண்டுகள் கிடந்தனவாம். வழி கண்டுகொண்ட இயற்கை இதுதான்.

சங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள், விற்பனைக்கு வரும் சங்குகளில் பல, உயிருள்ள நத்தைகளைக் கொன்று எடுத்தவை. கரையில் பொறுக்கிய சங்குகள் உங்கள் அலமாரியில் இருந்தால், எடுத்த இடத்திலேயே திரும்பப் போடுங்கள். புட்டிகளைப் பொறுக்குவதாக இருந்தால், மூட்டை கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து மெல்லத் தட்டிப் பாருங்கள். அன்று நான் கவிழ்த்தபோது உயிரோடிருந்த அந்த ஒன்றும் மணலில் விழுந்தது. உடனே ஓடிவிடும் என்று நினைத்தேன். அது சங்குக்குள் ஒடுங்கி, நெடுநேரம் அசையாமல் கிடந்தது.