தம்பி ஏன் "தெரியாது" என்கிறார்?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பத்து வருடமாகக் குளிசை எடுக்கிறான், மாதம் ஒருக்கா ஊசி. அம்மா காலமான பிறகு நிலாவெளிக் காணியில் பாதி அவனுக்கு, பாதி அண்ணாவுக்கு வந்தது. முழுவதையும் விற்க வேண்டும் என்று அண்ணா நிற்கிறார். "அவனுக்கு விளங்காது, கோட்டில் போட்டு என் பொறுப்பில் எடுக்கிறேன்" என்கிறார். தம்பியைக் கேட்டால் "தெரியாது" என்பான். நான் என்ன செய்ய?
– ஒரு அக்கா, உப்புவெளி

பதில்: அன்புத் தங்கச்சி, எந்த நேரத்தில் கேட்டீர்கள்? என் சின்னம்மாவுக்கும் இதே நோய். ஊசி போட்டு இரண்டு மூன்று நாளைக்கு ஒரே தூக்கக் கலக்கம். என்ன கேட்டாலும் "தெரியாது", இல்லையென்றால் "ஓம்". அப்படியொரு "ஓம்"ஐப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் அவவின் காப்பை விற்றார்கள். எத்தனையோ மாதம் வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்தா. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகுதான், காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, ஒரு நாளைக்கு ஒரே கேள்வி என்று கேட்கப் பழகினேன். பதில் சில வேளை மூன்றாம் நாள்தான் வரும். ஆனால் வரும்.

சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டுதான். அதற்கு அவசரப்படாதீர்கள். நோயைக் காட்டி ஒருவரின் சட்ட உரிமையைக் குறைக்கக் கூடாது, முடிவெடுக்க உதவி தேவையென்றால் அதைக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 12ஆம் உறுப்புரை. 2016இல் இலங்கையும் அதை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது.

காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தம்பியோடு ஒருதரம் நிலாவெளிக்குப் போய் வாருங்கள். எல்லையைக் காட்டுங்கள். விற்றால் என்ன, குத்தகைக்கு விட்டால் என்ன, அப்படியே வைத்திருந்தால் என்ன என்று ஒரு கொப்பியில் அவரே எழுதட்டும். துணைக்கு யார் வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். பழைய பள்ளிக்கூடச் சிநேகிதனாகவும் இருக்கலாம். அண்ணா அந்தப் பயணத்துக்கு வேண்டாம். காணியில் பங்குள்ளவரின் பேச்சில் அவருடைய தேவையும் கலந்திருக்கும்.

இன்னொன்று. தம்பி தெளிவாக இருக்கும்போதே, நோய் கூடினால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருந்து ஒத்துவராது, அந்த நாட்களில் எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியைக் கிளினிக்கில் கொடுங்கள்.

விற்க வேண்டாம் என்று தம்பி சொன்னால் அதுதான் முடிவு. அண்ணாவுக்குக் காசு அவசரமென்றால் தன் பாதியை விற்கட்டும்.