விளக்கு கறுத்தது ஆக்சைடாலா?

கேள்வி: ஐயா, எங்கள் வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துவிட்டது. "ஆக்சைடு பிடித்திருக்கிறது" என்றேன். எஸ்டிபிஎம் படிக்கும் மகன், "கறுப்பு வெள்ளி ஆக்சைடில் ஒரு வெள்ளிக்கு ஒரு ஆக்சிஜன், அதனால் வெள்ளியின் இணைதிறன் இரண்டு" என்கிறான். ஒன்று என்றுதானே நான் படித்தேன்?
- பட்டர்வொர்த் வாசகி

பதில்: விளக்கில் இருப்பது ஆக்சைடே இல்லை, அம்மா. காற்றில் துளியூண்டு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பட்டு உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. நம் பினாங்கு தைப்பூச வெள்ளி ரதத்தில் படிகிற கறுப்பும் அதே சாதிதான்.

மகன் சொல்வது வேறு சரக்கு. தானாக வராது, வெள்ளி நைட்ரேட்டைக் காரக் கரைசலில் பெர்சல்ஃபேட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது இந்தக் கறுப்பு ஆக்சைடுத் தூளைக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டு எடை பார்த்தேன். வெள்ளி நிஜமாகவே இரண்டு எலெக்ட்ரானை இழந்திருந்தால், துணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று மிஞ்சி, காந்தம் தூளை உள்ளே இழுத்திருக்கும். முதலில் வைத்த செப்பு சல்பேட்டை அப்படித்தான் இழுத்தது. இதுவோ எடை கூடாமல் ஒரு மயிரிழை குறைந்தது! தராசில்தான் கோளாறு என்று மூன்று தடவை நிறுத்தேன்.

கோளாறு தராசில் இல்லை, வாய்பாட்டில். உண்டியலில் ஒருவர் ஒரு ரிங்கிட், இன்னொருவர் மூன்று ரிங்கிட் போட்டால் சராசரி இரண்டு. ஆனால் இரண்டு ரிங்கிட் போட்டவர் யாருமில்லை. இதிலும் பாதி வெள்ளிக்கு ஒன்று, மீதிப் பாதிக்கு மூன்று. படிகத்திலேயே ஆள் அடையாளம் தெரியும்: ஒன்று உள்ளது இரண்டு ஆக்சிஜனுக்கு நடுவே நேர்கோட்டில் நிற்கும், மூன்று உள்ளது நான்கு ஆக்சிஜனைச் சதுரமாகச் சுற்றி வைத்துக்கொள்ளும். அசல் இரண்டைப் பார்க்க ஃபுளோரினிடம் போக வேண்டும். வெள்ளி டைஃபுளோரைடில் இருக்கிறது.

ஆக, நீங்கள் சரியாகப் பாதி சரி. மகனிடம் 'சராசரியாக இரண்டு' என்று எழுதச் சொல்லுங்கள்.

கைக்கடிகார பட்டன் பேட்டரியில் பொதுவாக இருப்பது இதன் தம்பி, ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு வெள்ளி உள்ள ஆக்சைடு. அண்ணன் 100 டிகிரிக்கு மேல் சூடானால் ஆக்சிஜனைக் கக்கத் தொடங்கிவிடுவான்.

அப்புறம், விளக்குக்குப் புளி வேண்டாம், அது பித்தளைக்கு. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டு, விளக்கு தாளில் படும்படி வையுங்கள். அழுகிய முட்டை வாடை லேசாக வரும், பயப்படாதீர்கள்.