குழந்தைகளுக்குப் புயல், வெள்ளம், வெயில் பற்றிப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முதலில் டிவியை அணையுங்கள். கூரை பறப்பதையும் கார் மிதப்பதையும் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிள்ளைக்குப் பயம்தான் மிஞ்சும். கையால் அளந்து பார்க்கவிட்டால் புரிந்துகொள்ளும்.

நான் காரைக்குடிப் பக்கம். மழை வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பாவை மொட்டை மாடியில் வைத்து, விட்டதும் ஸ்கேலால் அளப்பார்கள் (முற்றத்தில் வைத்தால் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் விழுந்து கணக்குத் தப்பிவிடும்). 1 செ.மீ. மழை என்றால் 100 சதுர மீட்டர் கூரையில் 1,000 லிட்டர். அப்படியானால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்று ரெட் அலர்ட் விடுகிறார்களே, அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும், கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால்வாயில் குப்பை அடைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.

புயல் கடற்கரைக்காரர்கள் கவலை என்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா, புதுக்கோட்டை வரை உள்ளே வந்து தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. சின்னப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, அப்பத்தாவைச் சொல்லச் சொல்லுங்கள், கரண்ட் இல்லாமல் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து. ஒன்றை மட்டும் நீங்களே அழுத்திச் சொல்லுங்கள்: புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, ஊருக்கு மேலே வரும்போது காற்று நின்றுபோகும், முடிந்துவிட்டது என்று வெளியே ஓடக்கூடாது, கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

இடிக்கு எண்ணச் சொல்லுங்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

ஆனால் எங்கள் பக்கம் வருஷா வருஷம் வருவது வெயில்தான், அதைத்தான் யாரும் பேரிடராகச் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் யாருக்காவது உடம்பு அனலாகக் கொதித்துப் பேச்சு குழறினால், 108-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், நினைவு தடுமாறும்போது வாயில் எதையும் ஊற்றக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். ஒரு லீவு நாளில் யாரையாவது படுக்கவைத்து ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.