நான் 11 வருடம் சுற்றிப் போன வழி

மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்குப் போய் மூன்று மாதமே ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் ஒரு சீ, இரண்டு எஸ் பெறுபேறு. கணவர் அழைத்ததால் நிரந்தர வதிவிடம் கையில் இருக்கிறது. கல்லூரியில் தாதியர் பட்டப்படிப்புக்கு என்ன தகுதி வேண்டும், செலவு எப்படி, குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது?

ஜாக்கெட்டை விடுங்கள், நவம்பரில் குளிரே உங்களைக் கடைக்குக் கூட்டிப்போகும். செலவுக்கும் ஒரு வரி போதும். உங்களிடம் கேட்பது உள்ளூர்க் கட்டணம்தான், ஓஸாப் என்ற அரசு உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே தாதியாக இருக்கிற என்னை முதல் கேள்விதான் எழுப்பி உட்காரவைத்தது. மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கென்று மட்டக்களப்புக்கு லீவில் வந்து கல்லடியில் நிற்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். நான் விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன்.

நர்சிங் என்ற சொல்லை அங்கே யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பதிவுபெற்ற தாதி, அதாவது ஆர்.என்., ஆவதற்கு 2005 முதல் நான்கு வருடப் பட்டம் கட்டாயம். இரண்டு வருட டிப்ளோமா படித்தவர் ஆர்.பி.என்., அதற்கு அடுத்த நிலைத் தாதி. ஒரு வருடத்துக்குள் முடியும் பயிற்சியோடு முதியோரைப் பராமரிப்பவர் பி.எஸ்.டபிள்யூ. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்புத்தான் போடுகிறார்கள். அதனால் கலியாண வீட்டில் எங்கள் ஆட்களுக்கு மூவரும் 'நர்ஸ்'தான். சம்பளச் சீட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

நான் போய் இறங்கியது 2006 நவம்பரில். இங்கே போரால் வாகரைச் சனம் இடம்பெயர்ந்துகொண்டிருந்த நேரம். அங்கே ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் ஓர் ஆலோசகர் இருந்தார். நாற்காலி தந்தார், தேநீர் தந்தார். "தங்கச்சி, நீங்கள் மட்டக்களப்பா? அங்கே பாயில் ஒட்டவைத்து விடுவீர்களாமே" என்று, மந்திரம் போட்டு வந்தவரைப் போகவிடாமல் வைப்போம் என்ற பழைய பகிடியையும் விட்டார். பிறகு, "பட்டமெல்லாம் உங்களுக்குச் சரிவராது. இந்தத் தனியார் பி.எஸ்.டபிள்யூ. கோர்ஸைச் செய்யுங்கள், இதை வைத்தே நர்சிங்குக்குள் போய்விடலாம்" என்றார். கட்டினேன். சான்றிதழ் கிடைத்தது, இரவு வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், சேர்க்கையில் அந்தச் சான்றிதழை யாரும் ஒரு பாடமாகக்கூட எண்ணுவதில்லை என்று தெரிந்தது. பி.எஸ்.டபிள்யூ. வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, முதுகெலும்பை உடைக்கும் வேலை அது. ஆனால் அது தாதியர் பட்டத்தின் முதல் படி என்று விற்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இனித் தகுதி. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம், உயிரியல், இரசாயனவியல் மூன்றும் 'யூ' நிலையில் வேண்டும். கணிதமும் கேட்பார்கள், எந்த வகுப்புக் கணிதம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 'யூ' என்பது பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து, பல்கலைக்கழக நிலை என்று பொருள். 'சீ' என்று முடிந்தால் கல்லூரி நிலை. நீங்கள் போகப்போவது கல்லூரிக்குத்தானே, 'சீ' போதும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து 'சீ' இரசாயனவியலை ஒரு தவணை முழுக்கப் படித்தேன். படிப்பிப்பது கல்லூரியாக இருந்தாலும் தருவது பட்டம், ஆகவே 'யூ'தான். முன்பு கல்லூரிகள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் இந்தப் பட்டத்தை நடத்தின. 2020-இல்தான் தனியாகவே வழங்க அரசு அனுமதித்தது. அதனால் பழைய ஆட்கள் சொல்லும் வழி இப்போது பாதி பிழை.

உங்கள் எஸ் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எஸ் என்றால் 35-க்கும் 55-க்கும் இடையில். அங்கே குறைந்தபட்சம் 70 என்று போட்டிருந்தாலும் இடம் கிடைக்கிறவர்கள் பெரும்பாலும் 80-க்கு மேலே. உயர்தரப் பெறுபேற்றை மதிப்பீடு செய்து பார்த்துவிட்டு அழுவதைவிட, பள்ளிச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் பள்ளியில் இந்தப் பாடங்களைத் திரும்பப் படியுங்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களிடம் பாடக் கட்டணம் கேட்பதில்லை. முதிர்ந்த மாணவர் என்ற பிரிவில் விண்ணப்பித்தாலும் இந்தப் பாடங்களிலிருந்து தப்ப முடியாது.

கல்யாணம் முடித்த வயதில் பள்ளிக்கூடமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வகுப்பில் முதல் நாள் மைட்டோகொண்ட்ரியா என்று ஆசிரியை சொன்னபோது நான் திருதிருவென்று விழித்தேன். பலகையில் படம் வரைந்த பிறகுதான், அட, நம்முடைய இழைமணி! வலுவளவு, கலம், நொதியம் எல்லாம் தலைக்குள் தமிழில் பத்திரமாக இருந்தன. பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கொப்பியின் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுதினேன். இரசாயனவியலில் 88. பாயில் ஒட்டவைக்கிற ஊரிலிருந்து போனவள் எடுத்த புள்ளி.

இன்னொரு வெட்கக்கேடு. 'காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்ராறியோ' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து, அங்கேதான் படிப்பிக்கிறார்கள் என்று நானே தொலைபேசி எடுத்து அனுமதி கேட்டேன். அது படிப்பிக்கும் இடமில்லை, தாதிகளைப் பதிவு செய்யும் சபை. படித்து முடித்து, தாதியாகப் பதிவதற்கான என்கிளெக்ஸ் சோதனையும் எழுதும்போதுதான் உங்களுக்கு அதனோடு வேலை.

கணக்கைப் பாருங்கள். தனியார் கோர்ஸ், இரவு வேலை, வளர்ந்தோர் பள்ளி, இரண்டு வருட ஆர்.பி.என். டிப்ளோமா, அதன்மேல் பட்டத்துக்கான இணைப்புப் படிப்பு, சோதனை. ஆர்.என். ஆனபோது 2017. நேராகப் போயிருந்தால் பாடங்களுக்கு ஒரு வருடம், பட்டத்துக்கு நான்கு. யாராவது முதல் மாதமே இதைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்கள் வீடு வாங்கிய விலையைச் சொல்வார்கள், மகன் ஓட்டும் கார் என்ன என்பதைச் சொல்வார்கள். படித்த வழியைக் கேட்டால் மட்டும் தொண்டையைச் செருமுவார்கள்.

விண்ணப்பத்தை பெப்ரவரி 1-க்கு முன் போட்டுவிடுங்கள். அதற்குள் வந்தவற்றைத்தான் முதலில் சமமாகப் பார்ப்பார்கள், நர்சிங்குக்கு அதற்குப் பிறகு இடம் மிஞ்சாது. பாடங்கள் முடியாமல் போட்டுப் பயனில்லை, ஆகவே உங்கள் இலக்கு வருகிற செப்டம்பர் அல்ல, அதற்கு அடுத்தது.

இடம் கிடைத்த பிறகும் ஒரு கட்டுக் காகிதம் கேட்பார்கள்: பொலிஸ் சான்று, உயிர்காப்பு முதலுதவிச் சான்று, தடுப்பூசிப் பதிவு, காசநோய்த் தோல் பரிசோதனை. எங்களுக்குப் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் அந்தப் பரிசோதனையில் கை தடித்துவிடலாம். உடனே நோய் என்று பயப்படாதீர்கள், மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

தடுப்பூசிப் பதிவு என்றதும் எனக்கு நாவலடி ஞாபகம் வருகிறது. எங்கள் பழைய வீடு அங்கே. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் அலுமாரி, பெட்டி, அதற்குள் என் கிளினிக் கொப்பி எல்லாம் வாவிப் பக்கம் போய்விட்டன. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி எடுத்தேன். கிளினிக் கொப்பியை எங்கே எடுப்பது? ரொறன்ரோவில் இரத்தம் எடுத்துப் பார்த்து, குறைந்த ஊசிகளை எல்லாம் 28 வயதில் திரும்பப் போட்டார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "குழந்தையில் நீ அழவே இல்லை மனே" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் கொப்பி களுவாஞ்சிக்குடி வீட்டில் இருக்கும்தானே. வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். அம்மாவிடம் சொல்லி, கொப்பியையும் மூலச் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். கருவாடு மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என் பெட்டியில் அதற்கு இப்போதே இடமில்லை.