நெப்டியூனும் எங்கள் தென்னையும்

அன்புள்ள ஐயா,

இரண்டு விளக்கங்கள் இருந்தால் விஞ்ஞானிகள் எளியதையே எடுக்கிறார்கள். இயற்கை எளிமையாகத்தான் இருக்கும் என்பது வெறும் நம்பிக்கைதானே? இந்த எளிமை விதிக்குப் பெயர்போன ஓக்காம் ஓர் இடைக்காலக் கிறிஸ்தவத் துறவி, அவருடைய மதம் இதில் எவ்வளவு? பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொல்லங்கோட்டில் தென்னங்கீற்று மஞ்சளாய்ப் பழுத்தால் உடனே ‘வெள்ளை ஈ’ என்ற பூச்சிதான் காரணம் என்று முடித்துவிடுவது போலத்தான் இதுவும் படுகிறது.
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஓக்காமின் மதத்தை விடுங்கள், அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் எளிமை என்றால் சட்டென்று முடித்துவிடுவது என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். ஊகங்கள் குறைவாக இருப்பதுதான் எளிமை. ஊகம் குறைந்தால் விளக்கத்துக்கு ஒளிய இடம் இருக்காது, தப்பென்றால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். முதலில் அதைச் சோதிப்பது அதற்காகத்தான்.

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. நியூட்டனின் விதியில் கை வைக்காமல், தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846இல் அவர் சொன்ன இடத்தை ஒட்டியே நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளும் கணக்கிலிருந்து பிசகியது. 1859இல் அதற்கும் அதே விளக்கம் சொன்னார், வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. அப்படி ஒரு கோளே இல்லை. நூறு வருஷத்துக்கு 43 வில்நொடிதான் புதனின் அந்தப் பிசகு, ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பையே வேறு விதமாக விளக்கிய பிறகுதான் அது தீர்ந்தது. இரண்டு தடவையும் எளிமை ஒன்றேதான். தொலைநோக்கியில் தேடிப் பார்த்துத்தான் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது.

வெள்ளை ஈக்கு வருகிறேன். கோவிந்தாபுரம் எல்லைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், எங்கள் தோப்பு. 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் சுருள் வெள்ளை ஈ இறங்கியது. அப்பா தண்ணீர் பீய்ச்சினார், வேப்பெண்ணெய் அடித்தார். கீற்றிலிருந்த கரும்பூஞ்சணம் போனது, மரம் தேறவில்லை. உங்கள் ஊரிலிருந்து மரமேற வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு “இது காற்றுவீழ்ச்ச” என்றார். நாங்கள் கேரள வாடல் நோய் என்கிறோமே, அதுதான். கேரளத்தில் 1882 வெள்ளத்துக்குப் பிறகே பார்த்த நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி உண்டாக்குவது, சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்புவது, குணமாக்க மருந்தில்லை. ஈயும் இருந்தது, வாடலும் இருந்தது. “ஒரு மரத்துக்கு ரெண்டு நோயா?” என்று அப்பா அவரைத் திட்டி அனுப்பிவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

வாடல் முற்றிய மரங்களை அப்போதே வெட்டியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு வருஷம் எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் மேற்கு வரப்போரம் இருந்த வாடல் கிணற்றடிக்கு வந்துவிட்டது.

உங்கள் மரத்தில் ஈ இருக்கட்டும். காலை வெயிலில் கீற்றைப் பாருங்கள், தம்பி. இலைகள் துவண்டு விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்திருந்தால் அன்றைக்கே வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள்.